மையப் பரவலாக்கத் துறையும் கொதிநீர் செய்முறையும்

வில்லோ பெண்ட் ஊரின் குடிதண்ணீர் கெட்டுவிட்டது என்ற செய்தியைப் படித்து, அதை நம்பி, உடனே எழுந்துபோய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த முதல் மனிதர் ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் இருந்தார். இரண்டாவது மனிதர் என்று எவரும் இல்லை. வில்லோ பெண்ட் இருப்பதோ கனடாவில், மனிடோபாவின் வடக்கே, ஏரிகளும் கொசுக்களும் மிகுந்த பக்கத்தில்.

அந்தச் செய்தியை எழுதியவள் தெல்மா ஹுசாக். 'வில்லோ பெண்ட் குரியர்' பத்திரிகையின் ஆசிரியர் அவள்தான். நிருபரும் புகைப்படக்காரியும் மரண அறிவித்தல் எழுதுபவளும் அவளே. டொராண்டோவிலிருந்து மேப்பிள்கிரெஸ்ட் செய்திக் குழுமம் வந்து பத்திரிகையை வாங்கி வலுப்படுத்தியபோது, அலுவலகத்தில் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். பிறகு அலுவலகத்தையும் வலுப்படுத்தினார்கள். அது கடைத்தெருவிலிருந்து சலவை நிலையத்தின் பின்னறைக்குப் போயிற்று. வாரந்தோறும் அச்சாகி வந்த பத்திரிகையும் வலுப்பட்டு மாதம் ஒருமுறை வரத் தொடங்கியது.

ஆனால் அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்றுதான் தெல்மா முதலில் நினைத்தாள். ஊரே அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில்தான் குடியிருந்தது. காணாமல் போன நாய், விற்பனைக்கு வந்த பனி தள்ளும் இயந்திரம், யார் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கரடி கவிழ்த்தது என்பதெல்லாம் அங்கேதான். குரியர் செய்தியையும் ஜனங்கள் அங்கேதான் படித்தார்கள், அங்கேதான் திட்டினார்கள்.

அப்புறம் தலைநகர் ஆட்டவாவில் ஒரு சட்டம் வந்தது. செய்தியை வைத்துக் காசு பார்க்கும் தளங்கள் செய்திக்காரர்களுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். கொடுப்பதைவிடச் செய்தியையே காட்டாமல் இருப்பது மலிவு என்றது தளம். ஒரு நாள் காலையில் குரியரின் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. தெல்மா தன் சொந்தப் பெயருக்குக் கீழே 'குரியர் ஆசிரியர்' என்று போட்டிருந்ததால் தளம் அவளையும் ஒரு செய்தி நிறுவனமாக எடுத்துக்கொண்டுவிட்டது. அவளுடைய பிறந்தநாள் கேக் படம்கூட கனடாவில் யாருக்கும் காட்டப்படவில்லை. நாயும் கரடியும் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

தலைமையகம் இதை வெறுமனே விட்டுவிடவில்லை. ஒரு புதிய துறையை உண்டாக்கியது. அதன் பெயர் மையப் பரவலாக்கத் துறை. அதன் தலைவராக டிரெவர் விட்காம்ப் என்பவர் வந்தார். கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, நாடு முழுக்க இருந்த கிளை ஆசிரியர்கள் எல்லோரையும் திரையில் கூட்டிவைத்துப் பேசினார்.

"நண்பர்களே, இனி ஒருத்தன் வீட்டுக் கதவை நாம தட்டப் போறதில்ல. 'திறந்தவெளி'ன்னு ஒரு வலை இருக்கு. அதுக்கு முதலாளி கிடையாது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன சர்வர், ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். யாரும் யாரையும் அடக்க முடியாது. அதிகாரம் ஓரத்துக்குப் போகுது. உங்க கைக்குப் போகுது!"

யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெல்மாவுக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துவிட்டது. கையை உயர்த்தினாள்.

"அப்போ எங்க பாஸ்வேர்டு?"

"அது டொராண்டோல இருக்கும்," என்றார் டிரெவர். "சுதந்திரத்தைப் பாதுகாப்பா வைக்கணும் இல்லையா?"

நடைமுறை எளிமையாகவே இருந்தது. கிளை ஆசிரியர் பதிவை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். தொனிக் குழு தொனியைப் பார்க்கும். சட்டக் குழு சட்டத்தைப் பார்க்கும். பிறகு அது நாட்டின் இன்னொரு ஆட்சிமொழியான பிரெஞ்சுக்குப் போய்த் திரும்பும். அதற்கு முன்னால் அந்தச் செய்தியை வேறு எங்கும், எவரிடமும், எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது. 'பரவலாக்கமே முதலில்' என்பது கொள்கை. மீறினால் வேலை போகும். பின்தொடர்பவர் என்ற சொல்லில் அடிமைத்தனம் தொனிக்கிறது என்று தொனிக் குழு கண்டுபிடித்ததால், இனி எல்லோரும் 'உடன்பயணிகள்'.

குரியருக்குப் பதினோரு உடன்பயணிகள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் டிரெவரின் துறையில் வேலை பார்ப்பவர்கள். பின்லாந்தில் ஒரு பெண்மணி. லைப்சிக்கில் டீட்மார் என்ற ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர். தெல்மா எடுத்த கடமான் படங்களுக்கு டீட்மார் தவறாமல் நட்சத்திரம் போடுவார். வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக் கிடந்தவளுக்கு அந்த ஒரு நட்சத்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர்க்காரர்களையும் சேர்த்துவிட அவள் பாடுபடத்தான் செய்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் அவளுடைய நெடுநாள் தோழி. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"முதல்ல நீ ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கணும்."

"எதுக்கு? எனக்கு உன் பேப்பர் மட்டும் போதும்டி."

"எல்லாம் ஒண்ணுதான், எங்க சேர்ந்தாலும் தெரியும். சும்மா ஒண்ணைத் தொடு."

டார்லீன் சும்மா ஒன்றைத் தொட்டாள். அது போர்ச்சுகல் நாட்டுப் பறவை ஆர்வலர்களின் சர்வர். அன்றிலிருந்து அவள் கைபேசியில் விடியற்காலையில் நாரைகள் வந்தன. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். தண்ணீர் நிலையத்தில் வேலை பார்க்கும் கென் பெல்லரோஸ் மேப்பிள்கிரெஸ்ட்டின் சொந்த சர்வரிலேயே சேர விண்ணப்பித்தான். சேர விரும்பும் காரணத்தைக் கேட்டிருந்தார்கள். 'வேற போக்கிடம் இல்ல' என்று எழுதினான். தொனி சரியில்லை என்று நிராகரித்துவிட்டார்கள்.

பனி உருகும் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், கென் சலவை நிலையத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரில் வந்தான்.

"தெல்மா, சோதனை முடிவு வந்திருச்சு. ஈ-கோலை. குழாய்த் தண்ணிய யாரும் அப்படியே குடிக்கக் கூடாது. காய்ச்சணும். உடனே போடு."

"ஊராட்சி சொல்லலையா?"

"எழுத்தர் வாரக்கடைசிக்கு ஏரிக்குக் கிளம்பிட்டார். போறப்போ, 'குரியர்ல வரும், அந்த லிங்க்கை நம்ம பக்கத்துல போட்டுருவோம்'னு சொன்னார். எப்பவும் அப்படித்தானே செய்வாங்க. நான் என் தெருவுல கதவு கதவா தட்டிக்கிட்டு வர்றேன். நீ மத்த ஊருக்குச் சொல்லு."

தெல்மா ஐந்தே வரியில் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினாள். 'அவசரம்' என்று மேலே போட்டாள். அவசரத்துக்கென்று தனிப் படிவம் இருப்பதாகப் பதில் வந்தது. அதையும் நிரப்பினாள். சிறிது நேரத்தில் அவளைத் திரையில் கூப்பிட்டார்கள்.

தொனிக் குழுவுக்குக் 'கொதிக்க' என்ற சொல்லில் தயக்கம் இருந்தது. வாசகரைப் பதற்றப்படுத்துகிறதாம். 'தண்ணீரோடு இதமான உறவு கொள்ளுங்கள்' என்று மாற்றலாமா என்று கேட்டார்கள்.

"இதமா இருந்தா கிருமி சாகாதுங்க," என்றாள் தெல்மா.

சட்டக் குழுவின் வழக்கறிஞர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கிருமிதான் காரணம்னு எழுதியிருக்கீங்க. இது ஒரு குற்றச்சாட்டு. மறுதரப்போட கருத்தைக் கேட்டீங்களா?"

"மறுதரப்பு பாக்டீரியா."

"கேட்டீங்களா, கேட்கலையா?"

"கேட்கலை."

"அப்போ, 'அச்சுக்குப் போகும்வரை பாக்டீரியாவைத் தொடர்புகொள்ள முடியவில்லை'ன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க. நாளைக்குப் பிரச்சினை வந்தா நமக்குப் பாதுகாப்பு."

அடுத்து, மனதைப் புண்படுத்தக்கூடிய பதிவுகளை ஒரு திரைக்குப் பின்னால் மறைத்து, மேலே எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்ற விதி. அரைமணி நேரம் பேசி, 'எச்சரிக்கை: இப்பதிவில் எச்சரிக்கை உள்ளது' என்பதில் ஒத்துப்போனார்கள். பிறகு பிரெஞ்சுக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் வார இறுதி விடுப்பில் இருந்தார்.

தெல்மா கைபேசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். டார்லீனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் 'எவரிடமும், எந்த வடிவிலும்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். இதோ வந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் பதிவு வெளிவந்தது. ஊராட்சியின் பக்கம் அந்த லிங்க்கைத் தன் வழக்கப்படி தானாகவே எடுத்துப் பெரிய தளத்தில் போட்டது. லிங்க் செய்தி என்பதால் தளம் அதை மறைத்துவிட்டது. ஊராட்சி பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும் தெரிந்தது. முப்பது பேர் அந்த வெள்ளைப் பெட்டிக்கு விருப்பக்குறி போட்டார்கள்.

அதற்குக் கீழேயே, சுத்திகரிப்புக் குடுவை விற்கும் ஆசாமி ஒருவனின் பதிவு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'தண்ணீர் கலங்கலாக வருகிறதா? பயப்படாதீர்கள். பனி உருகும்போது வரும் இயற்கைக் கனிமச்சத்து அது. தினமும் இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடியுங்கள்.' அது செய்தி இல்லையே. தளத்துக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. ஊரில் பாதிப்பேர் பகிர்ந்தார்கள்.

மாலையில் டிரெவர் தானே தெல்மாவைக் கூப்பிட்டார். குரலில் குதூகலம்.

"பார்த்தீங்களா? லைப்சிக்லேர்ந்து டீட்மார் பதில் போட்டிருக்கார். 'உங்களோடு தோழமை கொண்டு நானும் காய்ச்சினேன்'னு. பதினோரு பேர்ல ஒருத்தர் படிச்சதோட நிக்காம செஞ்சே காட்டியிருக்கார்! பழைய தளத்துல இந்த விகிதம் நமக்கு வந்ததே இல்ல. நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை எழுதிட்டேன்."

"சார், வில்லோ பெண்ட்ல யாராவது பார்த்தாங்களா?"

"ஒரே ஊரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறது பழைய சிந்தனை தெல்மா. நாம பரவிட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்லீனின் மகள் மேடியை விமான ஆம்புலன்ஸில் வின்னிபெக் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வயது. அவள் வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு. தெல்மா ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விமானத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் மேடியோடு அவள் அப்பா போயிருந்தார். டார்லீன் கார் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள்.

"சிறுநீர் போகலையாம். கிட்னிங்கறாங்க," என்றாள். "தண்ணிலேர்ந்து வந்ததுன்னு டாக்டர் சொல்றார். வெள்ளிக்கிழமையே தெரியுமாமே? உனக்குத் தெரியுமா?"

"தெரியும். போட்டேன் டார்லீன்."

"எங்க போட்ட?"

தெல்மா வாயைத் திறந்தாள். "திறந்த... அந்த வலையில..."

"நாரை வருமே, அதுலயா?"

தெல்மா தலையை ஆட்டினாள்.

"என் நம்பர் உங்கிட்ட இருபது வருஷமா இருக்கு. ஒரு ஃபோன் பண்ண உனக்கு எத்தனை பேர்கிட்ட அனுமதி வாங்கணும்?"

டார்லீன் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டாள். ஏழு மணி நேரப் பயணம். தெல்மா சலவை நிலையத்தின் பின்னறைக்குத் திரும்பி வந்து, முகத்தைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்தாள். உடனே மூடினாள்.

பெரிய தளத்தில் அவளுடைய சொந்தக் கணக்கில் என்ன எழுதினாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் உக்ரைன் தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தின் கணக்கு அவள் பொறுப்பில் இருந்தது. பெரோகி கொழுக்கட்டை விற்பனை அறிவிப்புகளை அதில்தான் போடுவாள். 'வில்லோ பெண்ட் அடுப்படி' என்ற சமையல் குழுவில் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். தெல்மா யாரிடமும் கேட்கவில்லை. உட்கார்ந்து தட்டினாள்.

'கொதிநீர், வில்லோ பெண்ட் பாணி. தேவையான பொருள்கள்: குழாய்த் தண்ணீர், பாத்திரம், அடுப்பு. செய்முறை: தண்ணீரை அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் முழுதாக விடவும். ஆறவைத்துப் பரிமாறவும். குடிக்க, பல் துலக்க, குழந்தைக்குப் பால் கலக்க, ஐஸ்கட்டி செய்ய, எல்லாவற்றுக்கும் இதுவே. பச்சையாகப் பரிமாறினால் பேதியாகும், ரத்தம் போகும், பிள்ளைகளை விமானத்தில் ஏற்றும்படி ஆகும். வெள்ளிக்கிழமையிலிருந்து நம் ஊரில் வேறு தண்ணீர் கிடையாது. தண்ணீர் நிலையத்து கென் பெல்லரோஸ் சோதித்துச் சொன்ன செய்முறை இது.'

தளம் அதை ஒரு சமையல் குறிப்பாகவே பார்த்தது. வாய்க்கு ருசியான விஷயம் என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது. ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கடைசி வரிகளைப் படித்தார்கள். கேள்விகள் குவிந்தன. மைக்ரோவேவில் செய்யலாமா என்றார் ஒருவர். பூண்டு சேர்க்கலாமா என்றார் இன்னொருவர். 'செய்து பார்த்தேன், ருசி மந்தம், ஒரு நட்சத்திரம்' என்று எழுதினார் ஓய்வுபெற்ற தபால்காரர், ஆனால் காய்ச்சியிருந்தார். அன்று மாலைக்குள் கூட்டுறவுக் கடையில் கெட்டில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

திங்கட்கிழமை தெல்மாவின் மேல் ஒழுங்கு நடவடிக்கை விசாரணை. திரையில் ஒன்பது முகங்கள். டிரெவர் வாசித்தார்.

"எதிரியோட மண்ணுல போய்ப் பதிவு போட்டிருக்கீங்க. எச்சரிக்கைக்கு எச்சரிக்கை இல்ல. பிரெஞ்சு இல்ல. பாக்டீரியா தரப்பு அறவே இல்ல. 'தளதள'ன்னு ஒரு சொல்லு, தொனிக் குழுவுல ஒருத்தர் அழுதுட்டார்."

"பிள்ளைங்க ஆஸ்பத்திரில கிடக்குதுங்க சார்."

"அதை நாங்க ரொம்ப ஆழமா உணர்றோம். உணர்றதுக்குன்னே ஒரு குழு இருக்கு, வியாழக்கிழமை கூடுது." அப்போது ஓரத்திலிருந்து யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். டிரெவர் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இந்தச் சமையல் குறிப்பை அறுபதாயிரம் பேரா பார்த்திருக்காங்க?"

"ஊர்ல நாலாயிரம் பேர்தான். மத்தவங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னு தெரியல."

டிரெவர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இளகி வந்தது. "தெல்மா, இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு வர்றேன். வாசகனுக்குச் செய்தி வேண்டாம். சாப்பாடு வேணும். இன்னையிலேர்ந்து குரியர் ஒரு சமையல் பத்திரிகை."

"அப்போ அந்தக் குழுவெல்லாம்?"

"சமையலுக்கு எதுக்குச் சட்டக் குழு? உப்பு மேல யாரு கேஸ் போடப் போறாங்க? நீங்களே எழுதி நீங்களே போட்டுக்குங்க."

இவ்வாறாக மேப்பிள்கிரெஸ்ட் குழுமத்தில் அதிகாரம் முதல்முறையாக ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த வாரம் கென் மறுபடி பின்கதவு வழியாக வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "குளோரின் பம்பு ரெண்டு வருஷமா இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. ஒட்டு நாடாவைச் சுத்திச் சுத்தி ஓட்டினேன். புது பம்புக்கு ஊராட்சி பணம் ஒதுக்கினாங்க, அது வரவே இல்ல. நெடுஞ்சாலை முனையில நிக்குதே, அதுதான் அந்தப் பணம்."

நெடுஞ்சாலை முனையில் நின்றது கண்ணாடியிழையில் செய்த ராட்சத மீன் சிலை, 'பைக்' என்ற ஏரி மீன். வாயைப் பிளந்துகொண்டு, மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. செய்தவர் மேயர் கார்டன் ஷ்ரோடரின் மச்சான்.

பழைய குரியராக இருந்தால் சட்டக் குழு இந்தச் செய்தியைத் தொட்டிருக்காது. ஊராட்சி விளம்பரதாரர். தெல்மா இரண்டு நாள் கணக்கு வழக்கெல்லாம் சரிபார்த்து, மேயரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டாள். சமையல் பகுதிக்கா என்று சிரித்துவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை 'ஊர்முகப்பு மீன் வறுவல்' வெளியாயிற்று. 'தேவையான பொருள்: குளோரின் பம்புக்கு ஒதுக்கிய பணம், மொத்தமும். டெண்டர் விடாமல் மச்சானிடம் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் ஊறவைக்கவும். இந்த மீனுக்குத் தண்ணீர் தேவையில்லை. ஊருக்குத்தான் தேவை.' கீழே தீர்மானங்களின் தேதியும் எண்ணும் அளவுக்குறிப்பாக வந்தன.

அடுத்த ஊராட்சிக் கூட்டத்துக்கு, வழக்கமாக வரும் நாலு பேருக்குப் பதில், கர்லிங் விளையாட்டு அரங்கம் நிரம்பிவிட்டது. மேயர் எழுந்தார்.

"ஊராட்சி எதையும் மறைக்கல. குரியர் லிங்க்கைப் போட்டோம். அது வெள்ளைப் பெட்டியா வந்துச்சுன்னா, அந்த வெள்ளைக்கு ஊராட்சி பொறுப்பில்ல. மீன் விஷயத்துக்கு வர்றேன். மீன் ஊருக்குப் பெருமை. நீங்களே சொல்லுங்க, ஒரு பம்பை யாராவது வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுப்பாங்களா?"

பின்வரிசையில் டார்லீன் எழுந்து நின்றாள். முந்தின நாள்தான் வின்னிபெக்கிலிருந்து வந்திருந்தாள்.

"ஃபோட்டோதானே வேணும் கார்டன்? எடுத்தாங்க. என் பொண்ணோட கிட்னியை. கொண்டுவந்திருக்கேன், பார்க்கிறீங்களா?"

மேயர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். எடுத்தவர் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்த மாதமே, குடும்பத்தோடு அதிக நேரம் செலவிட விரும்புவதாகச் சொல்லிப் பதவி விலகினார். புதுப் பம்பு வந்தது. மீனைக் கழற்றினால் செலவு அதிகம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் டொராண்டோவில் டிரெவர் விட்காம்ப்புக்கு ஒரு விருது கொடுத்தார்கள், பரவலாக்கப்பட்ட இதழியலில் துணிச்சலுக்காக. மேடையில் அவர், "ஓரத்துல இருக்கறவங்களை நம்புங்க, குறுக்கே நிக்காதீங்க, அவ்வளவுதான் நான் செஞ்சது," என்றார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. தெல்மாவை அழைக்கவில்லை. விழா இதழியலாளர்களுக்கானது, அவள் சமையல் பகுதி.

தெல்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. மேடி வீட்டுக்கு வந்துவிட்டாள், பள்ளிக்கும் போகிறாள், ஆனால் மாதம் ஒருமுறை வின்னிபெக்கிற்குப் போய்ச் சிறுநீரகத்தைக் காட்டிவர வேண்டும், பெரியவளாகும்வரைக்கும். தெல்மா பலமுறை டார்லீன் வீட்டுக்குப் போனாள். டார்லீன் கதவைத் திறப்பாள், கொண்டுவந்ததை வாங்கிக்கொள்வாள், உள்ளே வா என்று சொல்லமாட்டாள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவாள்.

முதல் பனி விழுந்த வாரத்தில் ஒரு மதியம் தெல்மாவின் கைபேசி அடித்தது. திரையில் டார்லீன் பெயர். தெல்மா உடனே எடுத்தாள்.

"நான்தான்," என்றாள் டார்லீன். "பள்ளிக்கூடக் கூரையப் பத்தி யாரோ உங்கிட்ட வந்து பேசினாங்களாம். பஸ்ல பிள்ளைங்க சொல்லுதுங்க."

"ஆமா. பேசினாங்க."

"நிஜமாவே ஒழுகுதா?"

"ஒழுகல. இறங்குது. உத்தரம் விரிஞ்சிருக்கு. மூணாம் வகுப்புக்கு மேல. இன்ஜினியர் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, கல்வி வாரியம் வாயே திறக்கல." தெல்மா ஒரே மூச்சில் சொன்னாள். "நாளைக்குப் போடப்போறேன். ஆனா நீ இப்பவே தெரிஞ்சுக்கோ. நாளைக்கு மேடியை அந்தப் பக்கம் அனுப்பாத."

மறுமுனையில் பேருந்தின் இன்ஜின் உறுமல் லேசாகக் கேட்டது.

"என்ன பேர்ல போடப்போற?"

"அடுக்கு கேக்."

"காரமா இருக்கட்டும்," என்றாள் டார்லீன்.